அரவு விடுபட்ட விண்ணப்பம்

எங்கள் தீவுப் பக்கத்தில் எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். பின்னேரப் படகு ஓடுமா என்று துறையில் கேட்டால், "நீங்கள் குத்துக்கரணம் அடிச்சாலும் இண்டைக்கு ஓடாது ரீச்சர்" என்பார்கள். சமையல் காஸ் வந்ததா என்று கடையில் கேட்டால், "குத்துக்கரணம் அடிச்சாலும் வெள்ளிக்கு முன்னம் வராது" என்பார்கள். பல்லுவலியென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதே கதைதான். பல் டொக்டர் வரும் நாள் மாறிவிட்டதாம், நான் குத்துக்கரணம் அடித்தாலும் அடுத்த கிழமைதானாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவராவது அடித்துப் பார்த்திருக்கிறார்களா? குத்துக்கரணம் அடித்தும் கிடைக்காமல் போன ஒரு சாமானை, ஒரு படகை, ஒரு கையெழுத்தை எனக்குக் காட்டுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன். யாரும் அடிப்பதில்லை. அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எதிரே நிற்கிறவர் இவ்வளவு தாராளமாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அதையே சொல்கிறவள். வகுப்பில் புள்ளி கூட்டித் தரச் சொல்லி நச்சரிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முருங்கைக்காய் விலையைக் குறைக்கச் சொன்ன அயல்வீட்டுக்காரிக்குச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கும் ஒருமுறை சொன்னேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் பையை அடுக்கிக்கொண்டு நின்றபோது, "அம்மா, இண்டைக்குப் போகாமல் நிக்க ஏலாதோ?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சேலைப்பின் ஒன்று காணாமல் போயிருந்தது. "நீ குத்துக்கரணம் அடிச்சாலும் ஏலாது பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பின்னைத் தேடினேன். பின் கிடைத்ததா இல்லையா என்பது இப்போது நினைவில் இல்லை.

நான் தமிழ் ஆசிரியை. வீடு வேலணையில். வேலை நெடுந்தீவில். படத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். வேலணையிலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் துறை, அங்கே படகுக்கு வரிசை, பிறகு ஒரு மணித்தியாலம் கடல். திங்கட்கிழமை காலைப் படகில் போனால் முதலாம் பாடம் போய்விடும். ஆகவே ஞாயிறு பின்னேரமே போய், வாடகை அறையில் ஐந்து இரவு தங்கி, வெள்ளி பின்னேரம் திரும்புவேன். காற்றுக் காலத்தில் வெள்ளிப் படகும் ஓடாது. அப்போது சனி ஞாயிறும் அந்த அறையில் இருந்து கொப்பி திருத்துவேன். வீட்டில் கணவர், மகள். பக்கத்து வளவில் கணவரின் அக்கா, என் மச்சாள். நான் இல்லாத நாட்களில் மகளுக்குத் தலை வாரி, பின்னல் போட்டு, பள்ளிக்கூடம் அனுப்புகிறவர் அவர்தான். எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், சொல்லாவிட்டாலும் வரும்.

மூன்று வருடம் என்று சொல்லித்தான் என்னை நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள். மூன்று வருடமும் முடிந்தது. கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். எழுந்து நின்று கதிரை காட்டுவார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்.

"சேர், மூண்டு வருசம் முடிஞ்சுது. முடிய விடுவம் எண்டு சொன்னனீங்கள்."

"ஆர், நானோ? முடிய விண்ணப்பிக்கலாம் எண்டுதானே ரீச்சர் சொன்னனான்."

"இல்லைச் சேர், இந்தக் கதிரையில இருந்துதான் கேட்டனான்."

"கதிரை அதேதான். விண்ணப்பியுங்கோ. நல்லா விண்ணப்பியுங்கோ."

அடுத்த முறை போனபோது விண்ணப்பம் மட்டும் போதாது, பதில் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றார். அதற்கு அடுத்த முறை, பதில் ஆசிரியரை நானே தேடக்கூடாது, அலுவலகம்தான் தேட வேண்டும் என்றார். அடுத்த முறை, அலுவலகம் எப்படித் தேடும், நீங்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கோவன் என்றார். கரணம் என்றால் அவருடைய கரணம்தான் கரணம். தலை எப்போது கீழே போனது, கால் எப்போது மேலே வந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பார்த்தால் பழையபடி கதிரையில் நிமிர்ந்து இருப்பார், நெற்றித் திருநீறுகூடக் கலைந்திருக்காது. நான்தான் தலை சுற்றிப்போய் வெளியே வருவேன்.

இதற்கிடையில் வீட்டில் உண்மையான குத்துக்கரணம் ஒன்று தொடங்கியிருந்தது. மச்சாள் வளவில் மாட்டுக்காகக் குவித்த வைக்கற்போர் ஒன்று உண்டு. அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் வைக்கலில் மகள் தலையைக் குத்திக் கவிழ்ந்து பழகினாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் பக்கவாட்டில் சரிந்தாள், பிறகு பாதி போனாள், பிறகு ஒருநாள் முழுதாகச் சுற்றி எழும்பி நின்றாள். இதெல்லாம் மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் மகளே தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, எனக்குக் குத்துக்கரணம் அடிக்கத் தெரியும்."

"கழுத்தை முறிச்சுப் போடாதை."

"இல்லை அம்மா. உண்மையா அடிக்கிறன்."

"சரி, சரி. சாப்பிட்டிட்டியோ?"

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். லைன் போய்விட்டதாக்கும் என்று நான் வைத்துவிட்டேன். நெடுந்தீவில் லைன் போவது புதினமில்லை.

கணவர் அதை வீடியோ எடுத்து அனுப்பினார். என் அறையில் ஜன்னல் விளிம்பில் தொலைபேசியை வைத்தால் மட்டும் சிக்னல் வரும். அதுவும் இரண்டு கோடு. வட்டம் ஒன்று திரையின் நடுவில் சுற்றிக்கொண்டே இருந்தது. கொப்பி திருத்தி முடித்துப் பார்த்தேன், சுற்றியது. சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், சுற்றியது. அடுத்த நாள் இடைவேளையில்தான் திறந்தது. திறந்தால் முக்கால்வாசித் திரையில் கணவரின் பெருவிரல். மிச்சத்தில் ஒரு சோடிக் குதிக்கால் மேலே போய்க் கீழே வந்தது. "என்னப்பா எடுத்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். "வடிவாத்தானே விழுந்திருக்கு, காலைப் பாரும்" என்றார். கூட்டுறவுக் கடையில் மா, சீனி நிறுக்கிற மனிதர். நிறுவை ஒரு கிராம் பிசகாது. வீடியோ எடுக்கச் சொன்னால் விரலை எடுப்பார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நேரே பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. வெள்ளி வந்தால் ஐந்து நாள் உடுப்புத் தோய்க்கக் கிடக்கும். குசினியில் எந்த டின்னில் எது இருக்கிறது என்று தெரியாது. மச்சாள் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி வைத்திருப்பார். "அம்மா, வாங்கோ, பாருங்கோ" என்று மகள் கை பிடித்து இழுப்பாள். "பொறு பிள்ளை, இந்தத் துணியைப் போட்டிட்டு வாறன்" என்பேன். கொடியில் துணி போட்டுக்கொண்டே, "அடி, இஞ்சயிருந்து பாக்கிறன்" என்பேன். தொப்பென்று சத்தம் கேட்கும். "நல்லா இருக்கு" என்பேன்.

"நீங்கள் தலையைத் திருப்பேல்லையே அம்மா."

"திருப்பாமலே தெரியும் எனக்கு. நல்லா இருக்கு எண்டுதானே சொல்லுறன்."

தமிழ் ஆசிரியைக்கு வாய் இல்லாமலா போகும்.

பிறகுதான் அந்த விண்ணப்பம் வந்தது. மகள் நான்காம் வகுப்புக்கு வந்தபின், எப்படியாவது அடுத்த தைக்கு வேலணைக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். நல்லா விண்ணப்பியுங்கோ என்றாரல்லவா, நல்லாவே விண்ணப்பிக்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். மகளைப் பற்றி எழுதினேன், தலைவாருவதைப் பற்றிக்கூட எழுதினேன். கையெழுத்தில் கொடுத்தால் எடுக்கமாட்டார்கள், தட்டச்சில் வேண்டும். நெடுந்தீவில் துறைக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேசன் கடை. அதில் ஒரு பெட்டைதான் தட்டச்சுச் செய்கிறவள். கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய கீபோர்ட்டில் ஒரு எழுத்துத் தேய்ந்து போயிருந்தது. அதுவும் எது? அரவு. கானாவுக்குப் பக்கத்தில் போட்டால் கா ஆகுமே, அந்தக் கால்.

"அமத்தினால் ஒருக்கா விழும், ஒருக்கா விழாது ரீச்சர். நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றாள்.

வாசித்தேன். 'நாளை' என்பது 'நளை' என்று கிடந்தது. 'பாடசாலை' 'படசலை' என்று கிடந்தது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அரவு விடுபடுவதை நான் மன்னிக்கிறவள் இல்லை. அந்த வருடம்தான் ஒரு பையன் லீவுக் கடிதத்தில் 'நான் நேற்று வராத கரணம் காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டு வந்தான். "காய்ச்சலோட கரணமும் அடிச்சனியோ?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்டேன். வகுப்பே சிரித்தது. 'காரணம்' என்று ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு வந்தான்.

பெட்டை திருத்தினாள். மறுபடி அச்செடுத்தாள். துறையில் படகுக்காரர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைசியாக ஒருமுறை கண்ணை ஓட்டினேன். நளை இல்லை, படசலை இல்லை. கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து, ஓடிப்போய்ப் படகில் ஏறினேன். அன்றே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

நளை என்றொரு சொல் இல்லை, ஆகவே கண்ணில் குத்தியது. படசலையும் குத்தியது. கரணம் குத்தவில்லை. அது நல்ல தமிழ்ச் சொல், பழைய சொல், அகராதியில் இருக்கிற சொல். என் கண் அதைத் தடவிக்கொண்டு போய்விட்டது. 'இடமாற்றம் கோருவதற்கான என் கரணங்கள் வருமாறு' என்று தொடங்கி, 'எனது முதலாவது கரணம் என் மகள்' என்று போய், 'மேற்படி கரணங்களைக் கருணையோடு நோக்குமாறு' என்று முடிந்தது கடிதம். மொத்தம் ஐந்து இடம். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே 'தமிழ் ஆசிரியை'.

இரண்டு கிழமை கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி எழுந்து கதிரை காட்டினார். முகத்தில் என்னவோ ஒரு சந்தோசம். பக்கத்து மேசையில் கடிதங்கள் பதிகிற லிகிதர் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரீச்சர், உங்கட கரணங்களை வாசிச்சனான்" என்றார் அதிகாரி.

"ஓம் சேர்."

"இந்த வயசில அஞ்சு கரணம் கஷ்டம்தானே."

கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். யாரோ பென்சிலால் ஐந்து இடத்திலும் வட்டம் போட்டிருந்தார்கள். என் வட்டத்தைவிட வடிவான வட்டம். பார்த்த மாத்திரத்தில் காது இரண்டும் சுட்டது. காய்ச்சலோடு வந்த அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. அவன் அன்றைக்கு எப்படி நின்றான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெட்கப்பட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டு வந்திருப்பேன். ஆனால் அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பகிடிக்குச் சொன்னனான் ரீச்சர், குறை நினைக்காதையுங்கோ. ஆனால் பதில் ஆள் இல்லாமல் இந்த முறை நீங்கள் குத்துக்கரணம் அடிச்சாலும் ஏலாது."

அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"சேர்," என்றேன், "உங்கட மேசையில அஞ்சு கிடக்குது. எழுத்தில, கையெழுத்தோட அடிச்சுத் தந்திருக்கிறன். இன்னும் எத்தினை வேணும் எண்டு சொல்லுங்கோ, அடிச்சுக்கொண்டு வாறன். நாலு வருசமா ஞாயிற்றுக்கிழமைதோறும் என்ர பிள்ளையை விட்டிட்டுப் போறதுக்கு நான் அடிக்கிற கரணம் இதில இல்லை. அதையும் சேர்த்தால் உங்கட பைல் கொள்ளாது."

குரல் கூடிவிட்டது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி முதல்முறையாகக் கதிரையில் கொஞ்சம் சரிந்தார். லிகிதர் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் குடையை மறந்துவிட்டு வெளியே வந்தேன். அதை எடுக்கத் திரும்பவும் உள்ளே போக வேண்டி வந்தது. கோபப்பட்டு எழும்புகிறவர்கள் குடை கொண்டு போகக் கூடாது.

மார்கழியில் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. நான் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல் மட்டும்தான். தையில் மறுபடி பை அடுக்கினேன்.

அந்த மாசியில் மகளின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு எட்டுப் பிள்ளைகளைத் தெரிவுசெய்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. மைதானத்தின் நடுவில் மெத்தை விரித்து, ஒருவர் பின் ஒருவராக மூன்று குத்துக்கரணம். வைக்கலில் பழகியவளுக்கு மெத்தை பெரிய விசயமா? "புதன்கிழமை, அம்மா. ரெண்டு மணிக்கு. நீங்கள் வாறியளோ?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். "உண்மையாவோ?" என்றாள். அந்த 'உண்மையாவோ' எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

லீவு கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே கிழமை விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, பிள்ளைகளின் அணிகளில் ஒன்றுக்கு, ஒரு இல்லத்துக்கு, நான் பொறுப்பு. அதிபர் தயங்கினார். அவர் வாயைத் திறக்குமுன், "சேர், குத்துக்கரணத்தைப் பற்றி மட்டும் ஒண்டும் சொல்லிப் போடாதையுங்கோ" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். செவ்வாய் பின்னேரமே போகலாமென்று பார்த்தால் கடல் குழம்பி, படகு விடவில்லை. புதன் காலைப் படகு பிந்தியது. குறிகட்டுவானில் பஸ் நின்றது, சாரதி சாப்பிடப் போயிருந்தார். நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது சேலைக் கரை முழங்கால்வரை நனைந்து உப்புப் பூத்திருந்தது. இரண்டு மணி ஐந்து நிமிடம். மெத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் கொட்டகையில் எனக்கு ஒரு கதிரை பிடித்து வைத்திருந்தார். இருந்தேன். வரிசையில் நான்காவதாக வெள்ளைச் சட்டையோடு நின்ற மகள் என்னைக் கண்டுவிட்டாள். கையை அசைக்கவில்லை, கழுத்தை மட்டும் நிமிர்த்தினாள்.

முதல் பிள்ளை போனாள். இரண்டாவது பிள்ளை போனாள். என் தொலைபேசி அடித்தது.

தெரியாத இலக்கம். வெட்டியிருக்கலாம். கணவரிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக அலுவலகத்தின் அழைப்புக்குக் காத்திருக்கிறவள் எந்த இலக்கத்தையும் வெட்டமாட்டாள். ஒலிபெருக்கியில் பாண்ட் வாத்தியம் அலறியது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கொட்டகைக்குப் பின்பக்கம் திரும்பி, இரண்டு அடி நடந்தேன்.

"கரணம் ரீச்சரோ?"

அலுவலகத்து லிகிதர் பெண். என்னை அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தாள். அத்தனை பைலுக்குள் என்னுடையதை மட்டும் அவள் மறக்கவில்லையாம். "ரீச்சர், உங்களுக்குப் பதில் ஆள் கிடைச்சிட்டா. நெடுந்தீவுக்கு விரும்பிப் போறாவாம், அவவின்ர மனுசன் அங்க வேலை. சேர் இப்ப வெளிக்கிடப் போறார். நீங்கள் ஓம் எண்டால் இப்பவே கையெழுத்து வாங்கிப் போடுவன். என்ன சொல்லுறியள்?"

"ஓம்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. "ஓம்! ஓம்!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தபோது மெத்தையில் ஆறாவது பிள்ளை உருண்டுகொண்டிருந்தாள்.

"எடுத்தனீங்களோ?" என்று கணவரைக் கேட்டேன்.

"எதை?"

"வீடியோ!"

"நீர்தானே இண்டைக்கு நேரே பாக்கிறீர் எண்டு எடுக்கேல்லை" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. மகளைப் பார்த்த சந்தோசம். பெருவிரலோடு ஒரு வீடியோ இருந்திருந்தாலும் அன்றைக்கு அவரைக் கும்பிட்டிருப்பேன்.

எல்லாம் முடிந்து மகள் ஓடி வந்தாள். சட்டை முழுக்கப் புழுதி.

"அம்மா, பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. வடிவாப் பாத்தனான்."

"எத்தினை அடிச்சனான்?"

"மூண்டு."

"ரெண்டு" என்றாள். "முன்னால போனவள் மெத்தையைச் சுருட்டிப் போட்டாள். மிஸ் என்னை ரெண்டோட நிப்பாட்டிப் போட்டா."

சேலைக் கரையில் பூத்திருந்த உப்பைத் தட்டினேன்.

"நீங்கள் போனில நிண்டனீங்கள். நான் தலைகீழா இருக்கேக்க கண்டனான்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தகப்பனிடம் குடிக்க யூஸ் வாங்கித் தரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். தலைகீழாக அவள் கண்டது என் முதுகை. இடமாற்றம் கிடைத்துவிட்டது என்ற செய்தியை, யாருக்காக அதைக் கேட்டு அலைந்தேனோ அவளுக்கு அன்றைக்கு நான் சொல்லவில்லை. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லிகிதரையும், பாண்ட் வாத்தியத்தையும், மெத்தையைச் சுருட்டிய பிள்ளையையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஒருவர்மேலும் பிழை இல்லை.

சித்திரை விடுமுறை முடிய வேலணைக்கு வந்துவிட்டேன். கடிதத்தில் 'தாங்கள் குறிப்பிட்ட காரணங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன' என்று எழுதியிருந்தது. அரவு சரியான இடத்தில் நின்றது. இப்போது இரண்டரை மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். குசினி டின்கள் என் ஒழுங்குக்கு வந்துவிட்டன. வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பழகிவிட்டேன். துணி தோய்க்கிற வேலையும் நாளுக்கு நாள் முடிந்துவிடுகிறது. எனக்கு நேரம் இருக்கிறது. ஆனால் மகள் குத்துக்கரணம் அடிக்கிறாள் இல்லை.

முதலில் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், முன்பென்றால் நான் பை அடுக்குகிற நேரம், அவள் விறாந்தையில் இருந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"எங்க, ஒருக்கா அடிச்சுக் காட்டு பாப்பம்."

"என்னத்தை?"

"குத்துக்கரணம்."

"இனி என்னத்துக்கு அம்மா?" என்றாள், தூரிகையை எடுக்காமல். "நீங்கள்தான் வந்திட்டியளே."

"நான் வந்ததுக்கும் அதுக்கும் என்ன?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், நான் குத்துக்கரணம் அடிச்சாலும் நிக்க ஏலாது எண்டு. அப்ப நான் சின்னப்பிள்ளை. வடிவா அடிச்சால் நிப்பியள் எண்டு நினைச்சனான்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அது சும்மா சொல்லுற கதை எண்டு பிறகுதான் தெரியும்."

பச்சைத் தூரிகையைக் கழுவிவிட்டு நீலத்தை எடுத்தாள்.

சொல்லுக்குச் சொல் திருத்துகிறவள் நான். ஒரு அரவுக்கு ஐம்பது தரம் எழுத வைக்கிறவள். ஒரு ஆறு வயதுப் பிள்ளை என் வாயில் இருந்து விழுந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய், வைக்கற்போரடியில் கழுத்தை முறித்துப் பழகி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டு நல்லா இருக்கு என்றிருக்கிறேன். அழுகை வரவில்லை. அழுகையைவிட மோசமான ஒரு எரிச்சல் வந்தது, என்மேல், முழுக்க முழுக்க என்மேல்.

எழுந்தேன். வீட்டுச் சட்டையோடு மச்சாள் வளவுக்குப் போனேன். வைக்கற்போரடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மச்சாள் கிணற்றடியில் நின்றார், நிற்கட்டும். சட்டையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் வைக்கலில் ஊன்றித் தலையைக் குத்தினேன். வானம் ஒருமுறை காலுக்குக் கீழே வந்தது. கழுத்தில் ஏதோ மளுக்கென்றது. நேரே போக வேண்டிய உடம்பு இடப்பக்கம் சரிந்து, வைக்கற்போரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. "ஐயோ, இவளுக்கென்ன வந்தது!" என்று மச்சாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

வாய்க்குள் போன வைக்கலைத் துப்பிக்கொண்டு எழும்பினேன். விறாந்தைப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். மகள் வேலிப்படலையடியில் நின்றாள். கையில் நீலத் தூரிகை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எத்தினை?"

"ஒண்டு" என்றாள். "அதுவும் முழுசா இல்லை, முக்கால். கடைசியில இடப்பக்கம் சரிஞ்சு போனீங்கள்."

அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.